சீசன் கவுன்சலிங்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், மேலகரத்தில் வீடு கட்டியவனுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த வீடு சொந்தமில்லை. மலைக்கு அந்தப் பக்கம் பருவமழை இறங்கினால் ஆரியங்காவு கணவாய் வழியாக இந்தப் பக்கம் சாரல் வரும். பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தொட்டு விழுவதை டிவியில் காட்டிய மறுநாள் காலை, பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைச் சித்தப்பா வருவார். பின்னாலேயே மதுரைப் பெரியம்மா, கோவில்பட்டி அக்கா, அத்தான், அவர்களோடு நான் பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சிலர். காலையில் ஐந்தருவி, மத்தியானம் பழைய குற்றாலம், சாயங்காலம் பிரானூர் பார்டரில் புரோட்டா, ராத்திரி எங்கள் மாடியில் பாய். வருஷா வருஷம் நடப்பதுதான், வருத்தமில்லை.

சிக்கல் வேறு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் தலையெழுத்தை எழுதுவதும் இதே சீசனில்தான். மேயில் மார்க், ஜூனில் நீட் முடிவு, அப்புறம் விண்ணப்பம், தரவரிசைப் பட்டியல், கவுன்சலிங் என்று ஆடி தாண்டியும் இழுக்கும். மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொந்தக்காரர்களின் ஆலோசனை போனில் வரும், சிக்னல் இல்லை என்று வைத்துவிடலாம். எங்களுக்கு அது நேரில், தலையைத் துவட்டிக்கொண்டே, அடுத்த காப்பியைக் கேட்டுக்கொண்டே வரும்.

மேலகரம் சாமானிய ஊரில்லை. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அந்தக் குறவஞ்சியில் வசந்தவல்லிக்குக் குறி சொல்ல ஒரே ஒரு குறத்திதான் வருகிறாள். என் மகளுக்குக் குறி சொல்ல ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். குறத்தியாவது கையைப் பிடித்துப் பார்த்தாள். இவர்கள் மார்க் ஷீட்டை மட்டும் வாங்கிப் பார்த்தார்கள்.

மகள் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தாள். “அப்பா, நான் பி.எஸ்சி. நர்சிங் படிக்கேன்” என்று மார்க் வந்த அன்றே சொல்லிவிட்டாள். இதை நான் சீசனுக்கு முன்பே தந்தி அடித்துத் தெரிவித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. முடிவெடுத்த பிள்ளைக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே.

“இவ்வளவு மார்க் வாங்கிட்டு நர்சிங்கா? டாக்டருக்குப் படிக்க வை” என்றார் சித்தப்பா.

“நீட் இருக்கு சித்தப்பா.”

“இருக்கட்டும். ஒரு வருஷம் ரிப்பீட் பண்ணட்டும். 720 மார்க்தானே?”

அந்த ‘தானே’வை நான் ரசித்தேன். சரியான விடைக்கு நாலு மார்க், தப்பானதுக்கு ஒரு மார்க் கழிவு என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. தமிழ்நாட்டில் ஒரு பத்து வருஷம் பிளஸ் டூ மார்க்கை வைத்தே எம்.பி.பி.எஸ். சீட் கொடுத்தார்கள், 2017-லிருந்துதான் நீட் என்ற வரலாறும் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: பிள்ளை டாக்டராக ஆசைப்படவே இல்லை. அது சிலபஸில் வராத கேள்வி.

சித்தப்பா விடவில்லை. “உள்ளூர்லயே காலேஜ் இருக்கும்லா? மாவட்டத் தலைநகரம் ஆயிட்டீங்களே!” ஆகிவிட்டோம். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில் விருதுநகர், ராமநாதபுரம், திண்டுக்கல் என்று ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தபோது அந்தப் பட்டியலில் தென்காசி இல்லை. இத்தனை அருவி இருக்கிற ஊரில் யாருக்கு நோய் வரப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள் போல. வந்தால் 1965-லிருந்து இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆம்புலன்ஸில் போய்க்கொள்ள வேண்டியது.

அத்தானின் பார்வை கடல் தாண்டியது. “பிலிப்பைன்ஸ் அனுப்பிரு மாப்ள. அங்கயும் தென்னை மரம், மழை. பிள்ளைக்கு வித்தியாசமே தெரியாது.” வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துத் திரும்பினால் இங்கே ஒரு தேர்வு எழுதி 300-க்கு 150 எடுத்தால்தான் ஊசியைத் தொட முடியும் என்றேன். “எடுத்துட்டாப் போச்சு” என்றார். அத்தான் பத்தாம் வகுப்பில் எத்தனை தடவை அதைச் சொன்னார் என்பதைப் பெரியம்மா நினைவூட்டப் பார்த்தார், அக்கா கண்ணைக் காட்டி அடக்கிவிட்டாள்.

மகளின் தாய்மாமன் மண்ணின் மைந்தன். கேரளாக்காரனுக்குத் தேயிலை, நமக்குப் பொதிகை மூலிகை என்பது அவன் கொள்கை. “அகத்தியர் இருந்த மலைக்குக் கீழ குடியிருந்துட்டு எதுக்கு அலோபதி? பாளையங்கோட்டையில 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு. அஞ்சரை வருஷம். பிள்ள வாராவாரம் வீட்டுக்கு வந்து போலாம்.” நல்ல யோசனைதான். ஆனால் அதற்கும் இப்போது நீட் வேண்டும். அகத்தியரே வந்து வரிசையில் நின்றாலும் கேட்டில் தடுத்துவிடுவார்கள். உள்ளே கொண்டுபோகும் தண்ணீர்ப் பாத்திரம் கண்ணாடி போல ஊடுருவித் தெரிய வேண்டும், கமண்டலத்துக்கு அனுமதி கிடையாது.

பெரியம்மாதான் வெளிப்படையாகப் பேசினார். “நர்ஸா? ராத்திரி டூட்டி, எவன் எவனுக்கோ பீ மூத்திரம் அள்ளணும். நாளைக்கு மாப்பிள்ள வீட்டுல கேப்பாங்கல்லா?”

இதே பெரியம்மா 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் நன்றி சொல்லத் தெருவில் நின்று தாம்பாளம் தட்டியவர். பக்கத்து வீட்டுக்காரியை விடச் சத்தமாகத் தட்ட வேண்டும் என்ற வைராக்கியத்தில் சீதனத் தாம்பாளம் நெளிந்தது. நர்ஸுக்கு நன்றி சொல்லத் தாம்பாளத்தைக் கொடுப்பார், பேத்தியைக் கொடுக்கமாட்டார்.

இதே பெரியம்மாதான் குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தாலும் “வேலூருக்குக் கொண்டு போங்க, பொழச்சுக்கிடும்” என்பவர். அந்த வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-லேயே நர்சிங் பள்ளி நடத்தினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அங்கே வந்ததே 1918-ல்தான். 1946-ல் நர்சிங் பட்டப்படிப்பும் வந்தது. அதாவது வேலூரில் நர்ஸம்மா முதலில், டாக்டரம்மா பின்னால். நான் இதைச் சொன்னதும் பெரியம்மா, “அது வெள்ளைக்காரி. அவளுக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க பயமா?” என்றார். ஐடா ஸ்கடர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்ற தகவல் என் கட்சிக்கு உதவாது என்பதால் சொல்லவில்லை.

மலையைத் தாண்டினால் இந்தப் பேச்சே கிடையாது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அங்கிருந்து ரயிலேறிப் பதின்மூன்று கண் பாலத்தைத் தாண்டிப் புனலூரில் இறங்கி, ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் வளைகுடாவிலோ லண்டனிலோ நர்ஸாக இருக்கும் ஒரு மகளின் போட்டோ சுவரில் சிரிக்கும். மழை அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. புத்தியும் கொஞ்சம் வரலாம், கணவாய் அகலமாகத்தான் இருக்கிறது.

மகளுக்கு இந்த ஆசை வந்ததும் புனலூரிலிருந்து வந்த ஒரு சேச்சியால்தான். என் அம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள வந்தவர். மூன்றாம் நாளே மகள் அவருக்கு அசிஸ்டன்ட் ஆகிவிட்டாள். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் விழும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று புண் வைத்துவிடும். குதிகால், முதுகின் அடிப்பக்கம், தோள்பட்டை என்று சிவந்திருக்கிறதா பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்து, வெளுத்துச் சிவக்கிறதா, சிவப்பு அப்படியே நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் நான் அதை அணைக்கத்தான் எழுந்திருப்பேன். அவள் போர்வையை உருவி, கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, சேச்சியோடு சேர்ந்து ஆச்சியை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள். அம்மா தூக்கத்திலேயே வைவார்: “என்னட்டி, தோசையா நான்? இந்தா இந்தான்னு திருப்பிப் போடுத!”

“வெந்துட்டியான்னு பாக்கேன் ஆச்சி, தூங்கு.”

பெட்பேனைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, கையைக் கழுவி, அதே கையால் மீதி இருந்த பரீட்சைப் பாடத்தை எடுத்துவைத்துப் படிப்பாள். எங்கள் குடும்பத்து ஆண்கள் ஆஸ்பத்திரி விஷயத்தில் வல்லவர்கள்தான். கையெழுத்துப் போடுவோம், பிளாஸ்கில் காப்பி வாங்கிவருவோம், டாக்டரிடம் அரசியல் பேசுவோம். பெட்பேன் என்று யாராவது சொன்னால் எங்களுக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிடும்.

சித்தப்பா கொஞ்சம் இறங்கிவந்தது கம்ப்யூட்டர் சென்டரில்தான். நர்சிங்கும் மற்ற துணை மருத்துவப் படிப்புகளும் பிளஸ் டூ மார்க்கை வைத்து ஒரே விண்ணப்பத்தில் வரும். திரையில் பட்டியல் ஓடியது: டயாலிசிஸ், ரேடியோகிராபி, ரெஸ்பிரேட்டரி தெரபி, ஆப்டோமெட்ரி, ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர்.

“பெர்ஃப்யூஷன்னா என்னது, சென்ட் அடிக்கிற படிப்பா?” என்றார் சித்தப்பா.

“சின்னத்தாத்தா, உங்களுக்கு பைபாஸ் பண்ணயில இருதயத்த நிப்பாட்டி வச்சிருந்தாங்கன்னு சொன்னீங்கல்லா? அந்நேரம் ரத்தத்த மெஷின்ல ஓட்டி உங்கள உயிரோட வச்சிருந்தவரு படிச்ச படிப்பு.”

சித்தப்பாவுக்குச் சர்ஜன் பெயர் தெரியும், அவர் என்ன கார் வைத்திருந்தார் என்பதும் தெரியும். டிஸ்சார்ஜ் ஆன அன்று வார்டு முழுக்க அல்வா கொடுத்தவர். “அந்தப் பையனுக்கு ஒரு துண்டு குடுக்காம வந்துட்டமே” என்று கம்ப்யூட்டர் சென்டர்காரர் முன்னால் கலங்கினார். மறுநாள் பேரருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் மசாஜுக்கு உட்கார்ந்தபோதும் இதே பேச்சுதான். மசாஜ்காரர் தோளைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “எம் மவன் பிசியோதெரபி படிக்கான் அண்ணாச்சி. நான் இருவது வருசமா புடிச்சுவிடுத நரம்புக்கெல்லாம் அவன் இங்கிலீஷ்ல பேரு சொல்லுதான். ‘அந்த இடத்துல இப்படி முறுக்காதீங்கப்பா, ஆபத்து’ங்கான். அதுலேருந்து கழுத்துக்கு மட்டும் நான் துட்டு வாங்குறதில்ல, தொடுறதுமில்ல.” எதற்கும் சித்தப்பாவின் கழுத்தை நான் ஒருமுறை பார்த்துவைத்தேன்.

உருப்படியான ஆலோசனை சொல்ல ஒருத்தி வந்தாள், ஒரே ஒரு நாள். என் சித்தி மகள், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எல்லோரும் அருவிக்குக் கிளம்ப, அவள் மின்விசிறிக்குக் கீழே படுத்துச் சாயங்காலம் வரை தூங்கினாள். எழுந்து, மகளை மாடிக்குக் கூட்டிப்போனாள். 2015-ல் தேர்வு எழுதி ஆயிரக்கணக்கான நர்ஸுகளோடு அவளும் ஒப்பந்தத்தில் சேர்ந்த கதையைச் சொன்னாள்: மாதம் 7,700 ரூபாய், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கை. நிரந்தரம் வராமல் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்திலேயே எல்லோரும் உட்கார்ந்துவிட்ட கதையையும் சொன்னாள். பயமுறுத்தவில்லை, விலைப்பட்டியலைப் படித்துக் காட்டினாள். பிறகு மளமளவென்று வந்தன: “காலேஜுக்கு ஆஸ்பத்திரி இருக்கான்னு பாரு. இருந்தா அதுல கட்டில் மட்டும் இருக்கா, நோயாளியும் இருக்கானா பாரு. நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இந்த வருஷத்துக்கு இருக்கான்னு பாரு, பழைய போர்டப் பாத்து ஏமாறாத. ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஏஜென்ட் எவன் கேட்டாலும் குடுத்துராத.”

ஏஜென்ட் ஒருவர் ஏற்கெனவே வந்துபோயிருந்தார். வெளிமாநிலத்துக் கல்லூரி, பளபளப்பான புத்தகம், அட்டையில் நீச்சல் குளம். “நர்சிங்குக்கு நீச்சல் குளம் எதுக்கு சார்?” என்று மகள் கேட்டதற்கு, “ரிலாக்ஸுக்கு” என்றார். குற்றாலத்துக்காரியிடம் தண்ணீரைக் காட்டி வியாபாரம் பேசிய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். டீ குடித்துவிட்டு, அருவியில் இன்று குளிக்க விடுகிறார்களா என்று விசாரித்துப் போனார்.

கவுன்சலிங்கில் சீட் கிடைத்தது. மகள் ஹாஸ்டலுக்குப் போனாள், சீசன் முடிந்தது, மாடியில் பாய்களைச் சுருட்டிவைத்தோம். போன வாரம் மதுரையிலிருந்து பெரியம்மா நேராக அவளுக்கே போன் போட்டிருக்கிறார்.

“ஏட்டி, மூட்டு வலி உயிர் போவுது. என்ன மாத்திரை போடட்டும்?”

“பெரியாச்சி, நான் இப்பதான் ஃபர்ஸ்ட் செமஸ்டர். மாத்திரையெல்லாம் டாக்டர்கிட்டதான் கேக்கணும். நாங்க எலும்புப் பேரே இன்னும் முடிக்கல. மொத்தம் 206 இருக்கு.”

“206-ம் எனக்கு எதுக்கு? முழங்காலு எதுல வருதோ அத மட்டும் இன்னைக்குப் படிச்சு வை. நாளைக்குக் காலம்பற கூப்பிடுதேன்.”