கூக்கபராவின் விமர்சனம்

மெல்பேர்ன்,
தை மாதக் கடைசி.

அன்பிற்குரிய மச்சானுக்கு,

மாத்தளையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. க்ஷேம விசாரணைகளெல்லாம் முடிந்த பிறகு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், “அங்கே போயும் பாடுகிறானா, இல்லை அந்த நாட்டுச் சனங்கள் தப்பித்துக்கொண்டார்களா?” என்று அக்கா உங்கள் கைவழியே கேட்டிருக்கிற வினாவுக்கு விடை எழுதுவதிலேயே இக்கடிதத்தின் பெரும்பகுதி செலவாகும் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். மற்றபடி மகனும் மருமகளும் சௌக்கியம், பேத்தி சௌக்கியம், இடியப்பம் தாராளமாகக் கிடைக்கிறது.

பாடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள். ஆனால் இந்த தேசத்தில் என் சங்கீதத்துக்கு நேர்ந்த முதல் இடையூறு ஸ்நான அறையிலேயே ஆரம்பமாகிறது. நம் தேயிலைத் தோட்டத்துப் பீலிக்கரையில் நின்று தொண்டையைத் திறந்தால் எதிர்மலை ஒரு பதில் கொடுக்கும், குடத்தோடு காத்து நிற்கிற பெண்கள் வேறொரு பதில் கொடுப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஒருவாறு கச்சேரியாகிவிடும். இங்கேயோ, பல ஆண்டுகளுக்கு முன் நீடித்திருந்த பெரும் வறட்சியின்போது, நான்கு நிமிஷத்துக்குள் குளித்து முடிக்கும்படி பிரசாரம் செய்து, மணல் இறங்குகிற சிறு கடிகைகளையும் வீடுகளுக்கு வழங்கினார்களாம். வறட்சி போய்விட்டது, கடிகை மட்டும் எங்கள் குளியலறைச் சுவரில் ஸ்திரமாக நின்றுவிட்டது. கல்யாணியைத் தொட்டு, பிரதி மத்திமத்தில் சற்றே இளைப்பாறி, மேல் ஷட்ஜமத்தை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வருவதற்கு வித்துவான்களுக்கே நான்கு நிமிஷம் போதாதென்றால், ராகங்களின் பெயரையெல்லாம் இலங்கை வானொலி அறிவிப்பாளர் சொல்லித் தெரிந்துகொண்ட என் கதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பேத்தி மாதாமாதம் கட்டணம் செலுத்தி வாய்ப்பாட்டுக் கற்கிறாள். “தாத்தா, உங்கள் குரு யார்?” என்று ஒரு நாள் வினவினாள். “பிரட்டுத் தப்பு” என்றேன். குழந்தை அதை ஏதோ தஞ்சாவூர் வித்துவானின் திருநாமம் என்று கருதிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். நான் திருத்தவில்லை. திருத்த வேண்டிய அவசியமும் எனக்குத் தோன்றவில்லை. விடியுமுன் தொழிலாளர் லயத்துக் கோடியில் அந்தத் தப்புப் பறை முழங்கியபோது அது உத்தரவு. எழுந்திரு, பிரட்டுக் களத்துக்கு வா, பெயரைக் கொடு, மலைக்கு ஏறு என்பதே அதன் அர்த்தம். அதே தப்பு, அதே தோல், அதே மனிதருடைய கை, மாசியில் பிறை கண்டு காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றியதும், ரதிக்கும் மன்மதனுக்கும் தாளமாகி, பகலெல்லாம் கூனிக் கொழுந்தெடுத்த முதுகுகளை இரவில் நிமிர்த்தி ஆட வைத்ததே, அந்த மாயத்தின் ரகசியத்தை எந்த சங்கீத சாஸ்திரமும் எனக்கு இதுவரை விளக்கியதில்லை. மீசை அரும்புமுன் நான் ரதி வேஷம் கட்டியதும், மன்மதன் எரிந்த இரவில் என் புலம்பலைக் கேட்டுப் பெண்கள் கண்ணீர் வடித்ததும் உங்களுக்கு ஞாபகமிருக்கும். அருகிலே நின்ற காமன் வாத்தியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்; அவர் அழுத காரணம் வேறு என்று அக்கா இன்றளவும் சாதிக்கிறாள்.

அதற்குப் பின் வந்தது பாட்டுக் கட்டும் வியாதி. சினிமாப் பாட்டுப் புத்தகங்களில் பிறர் செய்ததைப் பார்த்து, நானும் பிரபலமான ஒரு வர்ணமெட்டைப் பிடித்து, அதிலிருந்த காதலனையும் நிலவையும் மரியாதையாக வெளியேற்றிவிட்டு, அவ்விடத்தில் கல்யாண மாப்பிள்ளையையோ, ஓய்வு பெறுகிற பெரிய கணக்கப்பிள்ளையையோ, சங்கத் தேர்தலில் நின்ற அபேட்சகரையோ அமர்த்தி வந்தேன். முத்துமாரியம்மன் பஞ்சரத பவனிக்கும் ஒரு பதிகம் முயன்றேன்; தவிலும் நாதஸ்வரமும் ஐந்து தேர்களுக்கு முன்னால் ஏக காலத்தில் முழங்கியதால் அதை யாரும் கேட்கவில்லை, அம்பாள் கருணாகரி.

ஆயினும் இந்தப் பரம்பரை இழிந்ததென்று எவரும் சொல்ல நான் சம்மதியேன். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடியவர். அப்பாட்டுகள் 1940இல் சிறு நூலாகவும் வெளிவந்தன. மேடையிலே பெண் ஏறுவதே அபூர்வமாக இருந்த அக்காலத்தில், பிரசங்கத்துக்குச் செவி கொடாதவனும் பாட்டுக்குச் செவி கொடுப்பான் என்பதை அந்த அம்மையார் கண்டிருந்தார். அவர் பாடியது ஜனங்களின் வயிற்றையும் உரிமையையும் பற்றி. நான் பாடியது கணக்கப்பிள்ளையின் தாராள குணத்தைப் பற்றி. வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொன்னால் அக்கா சிரிப்பாள், சிரிக்கட்டும்.

இனி இவ்வூர் விமர்சகரைப் பற்றிச் சொல்கிறேன். மார்கழி என்றால் பனியும் போர்வையும் என்று நம் தலைமுறை நம்பியிருக்க, இங்கே அது கடுங்கோடை. சில நாள் வெயில் நாற்பது பாகையைத் தொடுகிறது. திருவெம்பாவை பாடப் பெண்களைத் துயிலெழுப்ப வேண்டியதேயில்லை, புழுக்கத்தில் எவரும் தூங்கியிருந்தால்தானே! சென்ற மார்கழியில் விடியற்காலை கொல்லைப்புறத்தில் நின்று நான் சுருதி கூட்ட, எதிரேயுள்ள யூகலிப்டஸ் மரத்திலிருந்து, மூச்சுத் திணறத் திணற, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மனிதக் குரலொன்று கேட்டது. பார்த்தால், தடித்த அலகுள்ள ஒரு பறவை. கூக்கபரா என்று பெயர், நம் மீன்கொத்திக்குப் பங்காளி. நான் காந்தாரத்தில் சறுக்கிய இடத்தில்தான் அது சிரித்தது என்பது என் சந்தேகம். எல்லையை அறிவிக்க அது விடியலில் கூவுவது வழக்கம் என்று பேத்தி பாடப் புத்தகத்தைக் காட்டி ஆறுதல் கூறினாள்.

இந்தப் பட்சியைப் பற்றி இந்நகரத்துச் சங்கீத ஆசிரியை ஒருவர், மரியன் சின்கிளேர் என்பவர், 1932இல் சிறுவர் பாட்டொன்று இயற்றினார். 1934இல் சாரணர் பெருவிழாவில் அது பாடப்பட்டு, பின் உலகெங்கும் பள்ளிக்கூடங்களில் பரவிற்று. அம்மையார் 1988இல் காலமானார். பாட்டின் உரிமையை ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டது. ‘மென் அட் வேர்க்’ என்ற குழுவினர் 1980களில் பாடிப் புகழ்பெற்ற ‘டவுன் அண்டர்’ பாட்டின் நடுவே புல்லாங்குழலில் வருகிற சிறு துண்டு அந்தச் சிறுவர் பாட்டின் மெட்டே என்று கம்பெனி வழக்காடி, 2010இல் நீதிமன்றம் ஆமென்று தீர்ப்பளித்து, 2002 முதல் வந்த உரிமைத் தொகையில் நூற்றுக்கு ஐந்து வீதம் கொடுக்கும்படி உத்தரவிட்டது. குழலின் ஒரு துண்டுக்கே ஐந்து வீதமென்றால், முழு மெட்டையும் கடன் வாங்கிய நான் எத்தனை இசையமைப்பாளர்களின் சந்ததிக்கு எத்தனை வீதம் கடன்பட்டிருக்கிறேன் என்று ஒரு மாலை முழுதும் கணக்கிட்டேன். நல்லவேளையாக, என் பாட்டுகளின் மொத்த வருமானம் ஒரு சால்வையும் பல கோப்பைத் தேநீருமே. அதில் வீதம் பிரிக்க எந்த நீதிபதியாலும் இயலாது.

வாயிலிருந்து வாய்க்குப் போகிற பாட்டுக்கு நம் பக்கத்தில் எவன் பத்திரம் எழுதி வைத்தான்? சி. வி. வேலுப்பிள்ளை அரும்பாடுபட்டுத் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களுக்குக் கர்த்தா யாரென்று கேட்டால், கொழுந்து மலை முழுவதையும் சாட்சிக்கு அழைக்க வேண்டிவரும். அவ்வளவு ஏன், அம்பாறையில் மாணவராயிருந்த காலத்தில் ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினம் இந்நாட்டிலேயே குடியேறியிருக்க, இங்கே கல்யாண வீட்டில் அதற்கு ஆடுகிற வாலிபர்களில் பலர் அதை ஆதியந்தமில்லாத ஏதோ பழம்பாட்டென்று எண்ணுகிறார்கள். அவருக்காக எனக்குக் கோபம் வருகிறது, எனக்காக வரவில்லை. கம்பெனியை விட, மைதானத்திலே வட்டமாக நின்று பாடிய குழந்தைகளிடமிருந்தே கூக்கபராப் பாட்டின் அந்த ஆசிரியை அதிகம் பெற்றிருப்பார் என்பது என் கட்சி.

நிற்க. ரதியின் புலம்பலில் நான் சேர்த்த நாலு அடிகளைத் தோட்டத்துப் பையன்கள் இன்னும் பாடுகிறார்கள் என்றும், மூன்றாம் அடியில் என் சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் என்னவென்று எழுதாமல் விட்டது நியாயமா? இந்த மாசியில் காமன் தகனத்தன்று கைத்தொலைபேசியில் முழுவதையும் பதிந்து அனுப்புங்கள். மாற்றியது நன்றாயிருந்தால் நானும் இனி அப்படியே பாடுகிறேன். பதிகிறபோது அக்காவைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்; சென்ற முறை அனுப்பியதில் ரதியின் குரலை விட அவள் அபிப்பிராயமே தெளிவாகக் கேட்டது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்.