கிரேவி கிண்டும் நேரத்தில் பூங்கொத்து

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நவம்பர் மாதத்து நான்காம் வியாழன் நெருங்குவதால், அமெரிக்காவில் பாதிப்பேர் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது என்பதுதான் கவலை. தேங்க்ஸ்கிவிங் என்பது 1863-இல் ஆபிரகாம் லிங்கன் நாடு முழுவதற்குமாக அறிவித்த நன்றி நாள். 1941-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, நான்காம் வியாழன்தான் என்று நிலைநிறுத்தியது. புதுத்துணி கிடையாது, பட்டாசு கிடையாது, ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்பதும் கிடையாது. சாப்பாடு மட்டும்தான் பண்டிகை. ஆனாலும் விருந்து வைக்கும் வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்பது எழுதாத சட்டம். வியாபாரிகளுக்கு இந்த நாள்மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் கூடுதலாக ஒரு வாரம் கிடைக்கட்டும் என்று 1939-இல் அதிபர் ரூஸ்வெல்ட் பண்டிகையையே ஒரு வாரம் முன்னால் நகர்த்தினார். சில மாநிலங்கள் முடியாது என்று சொல்லிப் பழைய தேதியிலேயே கொண்டாடின. தீபாவளியை ஜவுளிக்கடைக்காரர் வசதிக்குத் தள்ளி வைத்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் போன கடிதத்தில், ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போனால் நாலு பேர் பார்க்கிற மாதிரி ஒன்றைக் கொண்டுபோக வேண்டும், வெள்ளியில் ஒரு கிண்ணமாவது வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதை மறுக்கத்தான் இந்தக் கடிதம். விருந்து வைப்பவருக்கு அன்றைக்கு ஒரு வேலையைக் குறைத்தால் அது நல்ல பரிசு. ஒரு வேலையைக் கூட்டினால் அது எத்தனை டாலராக இருந்தாலும் தொந்தரவு. விலை, அழகு, நாலு பேர் பார்வை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் என்று தெரிய அந்த வீட்டு அடுப்படியைப் பார்க்க வேண்டும். உறைந்த வான்கோழியைக் குளிர்பெட்டியில் வைத்து இளக்க, நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. பதினாறு பவுண்டுப் பறவை என்றால் ஞாயிற்றுக்கிழமையே உறைபெட்டியிலிருந்து குளிர்பெட்டிக்கு மாற்றியாக வேண்டும். பிறகு வியாழனன்று 325 பாரன்ஹீட் சூட்டில் ஏறக்குறைய நாலு மணி நேரம் வேக வேண்டும், உட்சூடு 165-ஐத் தொட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற சமையல் என்பதால் யாருக்கும் கை பழகியிருக்காது. பட்டர்பால் என்ற வான்கோழிக் கம்பெனி 1981 முதல் இதற்கென்றே ஒரு தொலைபேசி ஆலோசனை மையம் நடத்துகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்த பறவையை வெளியே எடுத்துச் சற்று ஆறவிடும் அந்த இருபது முப்பது நிமிஷம்தான் உச்சகட்டம். தட்டில் வடிந்த கொழுப்பில் மாவைப் போட்டுக் கை விடாமல் கிண்டிக் கிரேவி செய்யும் நேரம் அது. கண் அசந்தால் கட்டி தட்டிவிடும். விருந்தாளிகள் வாசல் மணியை அழுத்துவதும் சரியாக அப்போதுதான்.

இப்போது ஒருவர் முப்பது டாலர் பூங்கொத்தோடு உள்ளே வருகிறார். அழகுதான். ஆனால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பூச்சாடி தேட வேண்டும். அது அலமாரியின் மேல்தட்டில், ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் இடத்தில் இருக்கும். ரப்பர் பேண்டை அறுத்து, காம்பைச் சாய்வாக நறுக்கி, தண்ணீரில் முங்கும் இலைகளை உருவி, சர்க்கரைப் பொட்டலம் மாதிரி கூடவே வந்த மருந்தைக் கரைத்து... அதற்குள் கிரேவி களியாகிவிடும். கொத்தில் லில்லி இருந்து, வீட்டில் பூனையும் இருந்தால் வேறு வினையே வேண்டாம். அந்தப் பூவின் மகரந்தமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வாசனை மெழுகுவர்த்தியும் ஏறக்குறைய இதே ரகம்தான்: ஏற்றினால் நாலு மணி நேரம் வெந்த பறவையின் மணம் போச்சு, ஏற்றாவிட்டால் கொடுத்தவர் முகம் போச்சு. பூ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாடியிலேயே வைத்துக் கொண்டுவரட்டும், இல்லையென்றால் முதல்நாளே கடைக்காரர் மூலம் அனுப்பட்டும். அதே பூ, அதே காசு. அப்போது அது பரிசாகிவிடுகிறது.

விலைதானே மரியாதை என்பீர்கள். இதற்குக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் யேல் மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி விசாரித்து 1993-இல் ஒரு கட்டுரை எழுதினார். பரிசு வாங்கியவர் அதற்குத் தரும் மதிப்பு, கொடுத்தவர் போட்ட விலையைவிடப் பத்து சதவீதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைவு என்று தெரிந்தது. நண்பர்கள் தந்ததில் சேதாரம் கம்மி. தாத்தா பாட்டி, பெரியப்பா சித்தப்பா வகையறா தந்த பொருள்களில்தான் அதிகமாம். (ஆராய்ச்சி சொல்வதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.) பாசத்தைப் பணத்தால் அளக்க முடியுமா என்று நீங்கள் கேட்பது நியாயம். அந்தப் பேராசிரியரும் பொருளோடு ஒட்டிய பாசத்தை ஒதுக்கிவிட்டுத்தான் மதிப்பைக் கேட்டார். ஆனால் வெள்ளிக் கிண்ணத்தின் பாசம் பாதிக்குமேல் வெள்ளியில்தான் இருக்கிறது என்பதும், அந்த வெள்ளியை வாங்கியவர் அடுத்த முறை நம் வீட்டுக்கு எதைத் தூக்கிக்கொண்டு வருவது என்று தூக்கம் இழப்பார் என்பதும் உங்களுக்குத் தெரியாததில்லை.

அப்படியானால் மொய்யே மேல், உறையில் நூற்றொன்று வைத்துக் கொடுத்துவிடலாமே என்று அடுத்து வருவீர்கள். வால்ட்ஃபோகலின் கணக்குப்படி சேதாரமே இல்லாத பரிசு அதுதான். நம் ஊரில் அது சரிதான்: பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளில் யார் எவ்வளவு வைத்தார், யார் திருப்பினார் என்று நோட்டில் ஏறுகிறது. கறிச்சோறு போட்டுக் கடன் திரட்டுகிறோம் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும், ஒளிவுமறைவு இல்லை, அதனால் யாருக்கும் சங்கடமும் இல்லை. இங்கே விலைச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பொருளையே கொடுப்பார்கள். கணக்கு இருக்கிறது, ஆனால் இருப்பதாக யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது. இந்த மேஜையில் உறையை நீட்டினால் ஹோட்டலில் பில் கட்டுவது போலாகிவிடும். அவர்கள் வழக்கம் நம்முடையதைவிட உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே நோட்டு சரி, இங்கே சரிப்படாது, அவ்வளவுதான்.

'ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்' என்று அவர்களே சொல்கிறார்களே, பிறகு எதற்கு இந்த ஆராய்ச்சி என்றும் கேட்கலாம். நம் வீட்டில் 'இன்னும் கொஞ்சம் சாதம்?' என்றால் 'போதும் போதும்' என்போமே, அந்தப் போதும்தான் இது. அதற்காக, கேட்காமலே எதையாவது வாங்கிப்போய்த் திகைக்க வைப்பதும் சரியில்லை. பிரான்செஸ்கா ஜினோ, ஃபிரான்சிஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011-இல் எழுதிய ஒரு கட்டுரைப்படி, தாமே கேட்ட பொருள் கிடைப்பதைத்தான் வாங்குபவர்கள் அதிகம் விரும்புகிறார்கள். கேளாமல் கொடுத்தால் இன்னும் மகிழ்வார்கள் என்பது கொடுப்பவரின் கற்பனை. ஆகவே கேட்க வேண்டும், அதிலும் பிடிகொடுக்காமல் நழுவ முடியாதபடி கேட்க வேண்டும். 'என்ன கொண்டு வரட்டும்?' என்றால் 'ஒன்றும் வேண்டாம்' என்றுதான் பதில் வரும். 'ஐஸ் கொண்டு வரட்டுமா, மடக்கு நாற்காலி நாலு கொண்டு வரட்டுமா?' என்றால் மறுமுனையில் ஒரு நிமிஷம் மௌனம், பிறகு 'நாற்காலி' என்று பதில் வரும். மூடி போட்ட டப்பாக்கள் ஒரு கட்டு கொண்டுபோவதும் நல்ல யோசனை. மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் ஏற்ற வேண்டும் என்பது அரசின் அறிவுரை; எல்லாரும் வயிறு முட்டிச் சாய்ந்து கிடக்கும் நேரத்தில் வீட்டுக்காரி மட்டும் டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டிருப்பார். மறுநாள் காலைக்கென்று நல்ல காப்பித்தூளும் ரொட்டியும் கொடுப்பவரை நான் மேதை என்பேன். அந்த வெள்ளிக்கிழமை காலை அந்த வீட்டில் யாருக்கும் அடுப்பைப் பார்க்கவே பிடிக்காது.

பாட்டில் விஷயம் ஒன்று இருக்கிறது, பதற வேண்டாம். ஒயின் கொண்டுபோவது இங்கே மிகச் சாதாரணம். விருந்து வைப்பவர் அதை அன்றே திறக்கக் கடமைப்பட்டவர் இல்லை என்பது ஒப்புக்கொண்ட மரபு. அந்த மரபு இருப்பதால்தான் அது தொந்தரவில்லாத பரிசாக நிற்கிறது. குடிக்காத வீடு என்றால் நுரைக்கும் ஆப்பிள் சாறு.

கடைசியாகச் சாப்பாடு. நம் ஆட்களில் சைவம் சாப்பிடுபவர்களுக்கு அந்த மேஜை ஒரு கண்ணிவெடி வயல். ரொட்டித் துண்டுப் பொரியலில் கோழிச்சாறு இருக்கும், சர்க்கரைவள்ளிக் கிழங்குமேல் உருகி நிற்கும் வெள்ளை மிட்டாயில் மாட்டெலும்பிலிருந்தோ பன்றித்தோலிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருக்கும். எனவே தனக்கும் பிறருக்குமாக ஒரு பண்டம் செய்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொண்டுபோவது வீட்டுக்காரருக்குப் பெரிய உதவி, இவருக்கு என்ன போடுவது என்ற கவலை விட்டது. ஆனால் சூடு பண்ண வேண்டிய பண்டம் கூடாது. ஓவன் முழுக்க வான்கோழி இருக்கிறது. 1955-இல் கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சமையற்கூடத்தில் டார்கஸ் ரைலி என்ற அம்மையார் உண்டாக்கிய, ஓவனில் வேகவைக்கும் பீன்ஸ் காளான் பண்டம் இன்றைக்கும் பல வீட்டு மேஜையில் உண்டு. அதைக் கொண்டுவருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் 'ஓவனில் ஒரு அரை மணி இடம் கிடைக்குமா?' என்று கேட்டுக்கொண்டேதான் நுழைகிறார். இத்தனை நிபந்தனைகளையும் போட்டுச் சலித்தால் தேங்க்ஸ்கிவிங்குக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும் பண்டம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சுகிறது: புளியோதரை. சூடு வேண்டாம், குளிர்பெட்டியில் இடம் வேண்டாம், ரயில் பயணத்துக்கே கட்டிக்கொண்டு போகிற சாதம், அவர்களுடைய கிரான்பெரி புளிப்புக்கும் ஒத்துப்போகும். திருப்பித் தர வேண்டாத அலுமினியத் தட்டில் கொண்டுபோனால் பாத்திரத்தைக் கழுவி, கூட எதையாவது வைத்துத் திருப்பும் கடனும் அவர்களுக்கு இல்லை. மிளகாயைப் பாதியாக்க வேண்டும். நிலக்கடலை ஒவ்வாமை இங்கே பலருக்கு உண்டு என்பதால் கடலையே போடக் கூடாது. கடலை போடாததைப் புளியோதரை என்று பெரியம்மா ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகவே கடிதத்தின் இந்தப் பாராவை மட்டும் அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
அன்புள்ள தம்பி மகன்