ஒளிந்து விளையாட ஒரு சுல்தானின் சமாதி

கேள்வி: தில்லியில் வளர்ந்த நம் தமிழர்கள், பால்ய ஸ்மரணை என்றதும் ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் விட்டுவிட்டு, லோதித் தோட்டத்துச் சமாதிகளைப் பற்றியே பேசுகிறார்களே, ஏன்?
— வாசகி ஒருவர், கரோல்பாக்

பதில்: அம்மணி, ஒளிந்து விளையாட ஒரு சுல்தானின் சமாதியே கிடைக்கும்போது ஊஞ்சலை யார் நினைப்பார்கள்? லோதி காலனியின் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருந்த குமாஸ்தாக் குடும்பங்கள், மார்கழி வெயிலை நாடிப் புளியோதரைப் பொட்டலங்களோடு அங்கே போய் அமர்ந்ததும், 1444-ஐ ஒட்டி எழுந்த சுல்தான் முகம்மது ஷாவின் எண்கோணச் சமாதி மண்டபத்தைச் சுற்றி ஓடியும், அக்பர் காலத்து ஆட்புலாப் பாலத்தின் மீதிருந்து எட்டிப் பார்த்தும், படா கும்பத் என்னும் குவிமாடத்தின் அடியில் கூவி எதிரொலியை வரவழைத்தும், பாடப்புத்தகத்தில் உறங்கிய சரித்திரத்தைப் பிள்ளைகள் தட்டி எழுப்பிவிடுவார்கள்!

இந்த ஆனந்தத்துக்கும் ஒரு விலை உண்டு. சமாதிகளைச் சூழ்ந்திருந்த கைர்பூர் கிராமத்தாரை அப்புறப்படுத்திய பின்னரே, வைஸ்ராயின் மனைவி பெயரால் லேடி வில்லிங்டன் பூங்காவாக 1936-இல் இது திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் லோதித் தோட்டமாயிற்று. 1968-இல் ஜோசப் ஸ்டைன், காரெட் எக்போ என்னும் நிபுணர்கள் இதற்குப் புதுவடிவம் தந்தார்கள்.

தங்கள் குழந்தைகளையும் அவசியம் அழைத்துச் செல்லுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் ஓடட்டும், கூவட்டும். சுவரில் பெயரைக் கிறுக்க மட்டும் விடாதீர்கள். சிரஞ்சீவியான பெயர் வேண்டுமென்றால், வீட்டு வாசலில் ஒரு வேப்பங்கன்று நடச் சொல்லுங்கள்.