முந்தானை நனையும் விதி: மெகா சீரியல் நாயகியின் கண்ணீர்க் கணக்கு

தொலைக்காட்சி நாயகி வெளியில் எவ்வளவு பெரிய வேலை பார்த்தாலும், வீட்டு நிலைப்படி தாண்டியதும் அவள் குரல் ஏன் இறங்கிவிடுகிறது? பல்கலைக்கழகங்கள் தொடத் தயங்கும் இந்தக் கேள்வியைத் தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து ஆராய்வதே முறை. ஏன் என்பது பின்னால் விளங்கும்.

முதலில் சான்றுகள். 1999இல் சன் டிவியில் 'சித்தி' தொடங்கியபோது, அதைத் தயாரித்த ராடான் நிறுவனத்தை நடத்தியவர் ராதிகா. திரையில் அல்லல்பட்ட சாரதாவும் அவரே. சம்பளம் கொடுத்த முதலாளியே மூக்கையும் சிந்த வேண்டியிருந்தது. 'கோலங்கள்' (2003–2009) அபி கட்டுமானத் தொழிலில் நிமிர்ந்து நின்றவள். ஆனால் ஆறு வருஷமும் சொந்தக்காரர்களிடம் இடி வாங்கிக்கொண்டே நின்றாள். அதே இயக்குநர் திருச்செல்வம் 2022இல் 'எதிர்நீச்சல்' எடுத்தார். அதில் ஆதி குணசேகரன் படித்த பெண்களாகப் பார்த்து வீட்டு மருமகள்களாக்கி, அடுக்களையில் அடைத்துவைத்தார். அவர்களின் சான்றிதழ்களுக்கு அஞ்சறைப் பெட்டிதான் அலுவலகம்.

'பாரதி கண்ணம்மா'வைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நிறைசூலி கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், நடந்தாள், மீம்ஸ் போடுகிறவர்கள் அவளை உலகமெல்லாம் நடக்கவைத்தார்கள். அவள் புருஷன் டாக்டர். பிள்ளை தன்னுடையதா என்ற அவன் சந்தேகம் தீர ஒரு டி.என்.ஏ. பரிசோதனை போதும். தொடரும் அன்றே தீர்ந்துவிடும் என்பதால் அது வருஷக்கணக்கில் தள்ளிப்போனது.

இவற்றிலிருந்து கிடைப்பது 'கண்ணீர் முன்பண விதி'. நாயகி ஒரு நிமிஷம் எதிர்த்துப் பேச வேண்டுமென்றால், சில மாதத்து அழுகையை முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். கட்டாமல் பேசுகிறவள் வில்லி. பொட்டின் அளவை வைத்து வில்லியை அடையாளம் காணும் பழைய முறையைவிட இது நம்பகமானது.

இனி தாமிரபரணிக் கரைக்கு, நெல்லைக்கு வருவோம். இசக்கியம்மன் கொடையில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் நீலி கதை இந்த விதிக்கு மூத்தது. ஒருவனைப் பழிவாங்க வந்த நீலி, கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவனுடைய அபலைப் பெண்டாட்டியாக அழுகிறாள். சபை இரங்கி, அவள் தேடிவந்தவனை அவளோடு அனுப்பிவைக்கிறது. நீலி கட்டியது கள்ளக் காசு, காரியம் முடிந்தது. சீரியல் நாயகியோ நல்ல காசாகவே கட்டுகிறாள், ரசீதுகூடக் கிடைப்பதில்லை. இந்த ஆய்வு நீலியின் பக்கம் சாய்ந்திருப்பதை மறைப்பதற்கில்லை.

கடைசிச் சான்று, முக்கூடல், மேலப்பாளையம் வட்டாரத்துப் பீடி சுற்றும் பெண்கள். மடியில் தட்டு, கண் டிவியில். இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றும் விரல்களுக்குக் கண்ணின் உதவி தேவையில்லை. நாயகி உண்மையை விழுங்கிக்கொண்டு விம்மும்போது, "ஏட்டி, வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்" என்று தட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் அக்காவின் ஆணை பிறக்கும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், குழுக் கடன், நகைச் சீட்டு எல்லாம் ஓடுவது அந்தத் தட்டிலிருந்துதான். மறுநாள் பீடிக்கடையில், சரியில்லை என்று கணக்கப்பிள்ளை ஒரு கை பீடியை ஒதுக்கித் தள்ளினால், அதே அக்கா முன்பணம் எதுவும் கட்டாமலே சண்டையை ஆரம்பித்துவிடுவாள்.