பெட்டி மேல படம் நல்லாத்தான் இருந்தது

போர்டு கேமுக்குக் கிக்ஸ்டார்ட்டரில் காசு கட்டலாமா வேண்டாமா என்று குழம்புகிறவர்கள் யூடியூப் பார்க்கிறார்கள். அதைவிட மாத்தளைப் பக்கம் எல்கடுவச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஹுனஸ்கிரிய மலையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்ப்பது பிரயோசனம். கிக்ஸ்டார்ட்டர் பிறந்தது 2009இல். இன்னும் செய்தே முடிக்காத ஆட்டத்துக்கு முன்பணம் வாங்கி, கட்டியவன் தலையில் துண்டைப் போடும் கலை இந்த மலைகளில் 1840களிலேயே அமோகமாக அரங்கேறிவிட்டது.

அன்றைக்கு இணையம் இருந்திருந்தால் விளம்பரம் இப்படித்தான் வந்திருக்கும். ஆட்டத்தின் பெயர், 'கோப்பித் துரை'. ஆடுகிறவர், ஒரு துரை. காய்கள், வேண்டிய மட்டும், தென்னிந்தியாவிலிருந்து நடந்தே வந்து சேரும். ஆட்ட நேரம், நட்டு மூன்றாம் வருடம் காய்ப்பு, அதற்குப் பிறகு ஆயுசுக்கும் இலாபம். பலகை, ஏக்கர் ஐந்து சிலிங். பெட்டி மேல் படம், பங்களா விறாந்தையில் சாய்மனைக் கதிரை, கையில் பிராந்தி, பின்னால் நீர்வீழ்ச்சி. இதில் நீர்வீழ்ச்சி மட்டும் சத்தியம். ஹுனஸ் அருவி அன்றும் கொட்டியது, இன்றும் கொட்டுகிறது.

பலகை யாருடையது என்று காசு கட்டியவர் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை எடுத்துக் காட்டியிருப்பார்கள். காடு, தரிசு, எப்போதாவது மட்டும் பயிர் வைக்கும் நிலம் எல்லாம் முடிக்குச் சொந்தம், இல்லையென்று நிரூபிப்பது உன் பாடு. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிய சிங்களக் கிராமத்தான் உறுதியைத் தேடிக் கூரையைப் பிரித்துப் பார்த்தான். பாட்டன் எழுதி வைக்கவில்லை. அப்படியொரு கடதாசி வேண்டியிருக்கும் என்று பாட்டனுக்கு யாரும் சொல்லவில்லை.

காசு போட்டவர்கள் யார்? 1845இல் குடியேற்ற நாட்டுச் செயலாளராக வந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தன் இலங்கைப் புத்தகத்தில் பட்டியலே போட்டிருக்கிறார்: கவர்னர், சபைக்காரர், படை அதிகாரிகள், நீதிபதிகள், பாதிரிமார், சிவில் சேவையில் பாதிப் பேர். காணி விற்கிற மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கூட்டம்தான் மாறி மாறி உட்கார்ந்தது. சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்லவும் அதே கூட்டத்தில் ஆள் இருந்தது. பாதிரியாரே போட்டிருக்கிறார், பிறகென்ன என்று மற்றவர்களும் போட்டார்கள். தலைக்கணக்கைப் பார்த்துக் காசு கட்டும் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை. 2015இல் 'எக்ஸ்புளோடிங் கிட்டன்ஸ்' என்ற சீட்டாட்டத்துக்கு 2,19,382 பேர் சேர்ந்து 87 இலட்சம் டொலருக்கு மேல் கொட்டினார்கள். அது சொன்னபடி வீடு வந்து சேர்ந்தது. அதைக் காட்டிக் காட்டியே சேராத நூறு ஆட்டத்துக்கு இன்னும் வசூல் நடக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது விதிப்புத்தகத்தை. எழுதி முடித்திருக்கிறதா, வாசித்துப் பார்க்கத் தருவார்களா என்று. கோப்பித் துரைக்கும் விதிப்புத்தகம் இருந்தது. லபோரி என்பவர் 1798இல் இலண்டனில் அச்சிட்ட கோப்பித் தோட்டக் கைநூல். இலங்கைத் துரைமார் அதை வேதமாக வைத்துக்கொண்டார்கள். லபோரி பிரெஞ்சு சான் டொமிங்கோவின் தோட்டக்காரர். அதாவது இன்றைய ஹெயிட்டி. அங்கே அடிமைகள் கிளம்பி ஆட்டப் பலகையையே கவிழ்த்துவிட, ஜமைக்காவுக்கு ஓடியவர். வெல்வது எப்படி என்ற புத்தகத்தை, சகலமும் தோற்ற மனிதர் எழுத, அதை வாசித்துவிட்டு மாத்தளையில் காடு வெட்டினார்கள். முன்னுரையை யாரும் வாசிப்பதில்லை என்பது பழைய வியாதி.

அடுத்தது காய்கள். இராமநாதபுரம், திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த நம் ஆட்கள். மன்னார்க் கரையில் இறக்கிவிட்டால், காட்டுப் பாதையில் தம்புள்ளை வழியாக மாத்தளைவரை நடை. காலரா, மலேரியா, தண்ணீர் இல்லாமை. பதிவேட்டில் இல்லாத, ஆனால் எந்தத் தோட்டத்துப் பெரட்டிலும், அதாவது காலை ஆள் எண்ணிக்கையில், துரைக்கும் ஆள் கூட்டிவரும் கங்காணிக்கும் நடந்திருக்கக்கூடிய பேச்சு ஒன்று:

"கங்காணி, நூறு பேர் கேட்டேன். இங்கே எண்பதுதானே நிற்குது?"

"வழியில கொஞ்சப் பேரு படுத்துட்டாங்க தொரை."

"எழும்பி வரச் சொல்லு."

"எழும்ப மாட்டாங்க தொரை. தம்புள்ளைக்கிட்ட மண்ணு போட்டுட்டுத்தான் வந்தோம்."

"அப்போ அவங்களுக்குக் கொடுத்த முன்பணம்?"

"அது இங்க நிக்கிறவங்க பேருல எழுதியாச்சுங்க தொரை."

துரைக்கு நிம்மதி. அந்தக் கடன் பிறகு துண்டு என்ற கடதாசியாகி, ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு ஆளோடு சேர்ந்து பயணம் செய்தது. அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழிக்க 1921 ஆகிவிட்டது. வேறெந்த ஆட்டத்திலும் தாயக்கட்டை உருட்டுகிறவனுக்குக் காய் கடன்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆட்டம் தொடங்கிய வேகத்தில் சூடு பிடித்தது. 1844இல் காணி விலை ஏக்கர் ஒரு பவுணாக ஏறியது. அதே வருடம் பிரித்தானியா தன் குடியேற்றக் கோப்பிக்குக் கொடுத்திருந்த தீர்வைச் சலுகையில் கைவைத்து, பிரேசிலுக்கும் ஜாவாவுக்கும் வாசலைத் திறக்கத் தொடங்கியது. கோப்பித் துரையின் மொத்த இலாபமும் அந்தச் சலுகைமேல்தான் உட்கார்ந்திருந்தது என்பதைப் பெட்டியில் எங்கும் போடவில்லை. 1847இல் இலண்டன் கடைகளும் வங்கிகளும் குப்புற விழ, இங்கே தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. சிலவற்றை வாங்க ஆளே இல்லை. காடு வந்து தன் காணியைத் தானே எடுத்துக்கொண்டது.

துண்டு விழுந்த கஜானாவை நிரப்பக் கவர்னர் டொரிங்டன் கண்டுபிடித்த வழிதான் உச்சம். ஆட்டத்தில் தோற்ற காசை, ஆடாமல் ஓரமாக நின்றவர்களிடம் கேட்டார். நாய்க்கு ஒரு சிலிங், துவக்குக்கு இரண்டரை, கடைக்குத் தனி. ரோட்டு வேலைக்கு வருடத்தில் ஆறு நாள் வா, இல்லையா மூன்று சிலிங் கட்டு. கோப்பியால் ஒரு சதம் காணாத கிராமத்தான், கோப்பி இறங்குகிற ரோட்டைப் போட வேண்டும். அவன் நாயும் பங்களிக்க வேண்டும். 1848 ஜூலையில் கிளர்ச்சி வெடித்து மாத்தளை எரிந்தது. தம்புள்ளையில் கிளர்ச்சித் தலைவன் கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டினார்கள். ஆகஸ்ட் 8இல் இன்னொரு தலைவன் புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். டொரிங்டனுக்குக் கிடைத்த தண்டனை, 1850இல் கப்பலேறி வீட்டுக்குப் போனது.

இதோடு ஆட்டத்தை மூட்டை கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் நீங்கள் முதலீட்டாளர் சாதியில்லை. விலை ஏறியது, மறுபடியும் நட்டார்கள். 1869இல் கோப்பி இலைக்கு ஒரு வியாதி வந்தது. இலையைத் திருப்பினால் அடிப்புறத்தில் வட்ட வட்டமாகச் செம்மஞ்சள் பொட்டு. பெருவிரலால் தேய்த்தால் கஸ்தூரி மஞ்சள்போல் தூள் ஒட்டும். பேராதனைப் பூங்காவின் துவைட்ஸ் மாதிரியை அனுப்ப, இங்கிலாந்தில் பார்க்லி அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். துரைமார் வாயில் அது 'டிவாஸ்டேட்டிங் எமிலி' ஆனது. ஊரையே மொட்டையடிக்க வந்தவளுக்குச் செல்லப்பெயர் வைத்தால் இரக்கம் காட்டுவாள் என்று எண்ணம் போலிருக்கிறது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பழுது இருக்கிறதென்று 1869இலேயே ஊருக்குத் தெரியும். ஆனால் 1878இல்தான் கோப்பிக் காணி உச்சம் தொட்டது: 2,75,000 ஏக்கர். விளைச்சல் குறையக் குறையச் சந்தை விலை ஏறியதால், கணக்குப் புத்தகத்தில் எமிலி தெரியவில்லை. மலை முழுக்க ஒரே செடி, காற்றிலே தூள், ஆகவே பரவும், மருந்து இல்லை என்று தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் வந்து விளக்கிச் சொன்னது 1880களின் தொடக்கத்தில். டெலிவரி ஏற்பாட்டின் அழகோ இன்னும் பெரியது. வருடக்கணக்காக மாட்டுவண்டியில் மூட்டை உருட்டிய மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். ரயில் தயார், ரோட்டு தயார், ஏற்றத்தான் கோப்பி இல்லை. 1884 மே மாதம் ஓரியண்டல் பேங்க் கதவைச் சாத்தியது. அதன் நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று கவர்னர் கோர்டன் அறிவித்ததால் சில்லறை வைத்திருந்தவன் பிழைத்தான்.

2012இல் 'த டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி' என்றொரு போர்டு கேமுக்கு 35,000 டொலர் கேட்டு 1,22,874 டொலர் வசூலித்தார்கள். காசு வீட்டு வாடகைக்கும் வீடு மாறும் செலவுக்கும் போயிற்று என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2015இல் வழக்கு நடவடிக்கை எடுத்தது; மக்கள் நிதித் திரட்டலில் அதுதான் அதன் முதல் வழக்கு. ஆனாலும் வேறொரு கொம்பனி அந்த ஆட்டத்தை அச்சிட்டு, காசு கட்டியவர்களுக்குச் சும்மா அனுப்பி வைத்தது. கோப்பிக்குக் கட்டியவர்களுக்கு அப்படிப் பெட்டி அனுப்ப யாரும் வரவில்லை.

நடுவில் சிங்கோனா என்றொரு துணையாட்டமும் வந்து போனது. பட்டையில் குயினைன், மலேரியாவுக்கு மருந்து, தங்கம் காய்க்கும் என்றார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டு, ஒரே நேரத்தில் உரித்து, 1880களின் நடுவில் விலையைத் தாங்களே கொன்றார்கள். அவ்வளவுதான் கதை.

தேயிலை மட்டும் வேறு மாதிரி. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டார். பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால் இலை உருட்டி, களிமண் அடுப்பில் கரி போட்டு வாட்டிப் பார்த்தார். 1873இல் இலண்டனுக்குப் போன முதல் சரக்கு 23 இறாத்தல். என்னிடம் யாராவது எந்த ஆட்டத்துக்குக் காசு கட்டலாம் என்று கேட்டால், இந்த விறாந்தை மேசை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். கும்பகோணத்தில் உ.வே.சாமிநாதையரும் அப்படித்தான்: ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு வைத்துக்கொண்டு, புத்தகம் வாங்குவோரிடம் கையொப்பம் சேர்த்தார், 1887இல் சீவக சிந்தாமணி கைக்கு வந்தது. கையொப்பம் போட்டவருக்குப் புத்தகம், போடாதவருக்குப் பொறாமை.

ஆனால் செய்தவனுக்குப் பலன் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். டெய்லரை 1892இல் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். அதே வருடம் வயிற்றுக்கடுப்பில் செத்தார். 1890இல் வந்து தோட்டம் வாங்கிய லிப்டனின் பெயர்தான் பெட்டி மேல் ஏறியது. போர்டு கேம் உலகத்திலும் இதே கூத்து. நிலச்சுவான்தார் செய்யும் அநியாயத்தைக் காட்ட எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை எடுத்த ஆட்டம், டாரோ என்பவர் கைக்குப் போய் 1935இல் மொனோபொலியாகி அவரைக் கோடீஸ்வரராக்கியது. மேகிக்கு 500 டொலர். காணி பிடிப்பது பாவம் என்று சொல்லவந்த ஆட்டத்தை வைத்து மூன்று தலைமுறை காணி பிடிக்கப் பழகியது.

தேயிலையிலும் காய்கள் அதே காய்கள்தான். 1948இல் சுதந்திரம் வந்தது. கையோடு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. நூறு வருடம் பலகையில் நின்ற காய்களைப் பார்த்து, நீங்கள் இந்தப் பெட்டியைச் சேர்ந்தவர்களா என்று கேட்டார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து எண்ணினார்கள்: 9,75,000. அதில் 5,25,000 இந்தியப் பெட்டிக்கு, 3,00,000 இலங்கைப் பெட்டிக்கு, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம். பத்து வருடம் கழித்துப் பார்த்தார்கள், பாதிப் பாதி. பரமபதத்தில்கூடப் பாம்பு கடித்தால் அதே பலகையில்தான் கீழே விழுவோம். இங்கே கடித்தால் இராமேஸ்வரத்தில் விழ வேண்டியிருந்தது.

1970களில் அரசு தோட்டங்களை எடுத்தது. 1992இல் கொம்பனி கொம்பனியாகப் பிரித்து நிர்வாகத்தைத் தனியாருக்குக் கொடுத்தது. எல்கடுவ பெயரில் அமைந்த கொம்பனி மட்டும் சுற்றிச் சுற்றி அரசின் மடியிலேயே உட்கார்ந்தது. இப்போது அதன் தோட்டத்தில் செம்புவத்தை ஏரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வான்கள் வரிசைகட்டும். டிக்கட் வாங்கி, ஓடம் ஏறி, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி. மேலே கொழுந்து எடுக்கிற அக்கா இதைப் பார்த்துச் சிரிப்பாள். அன்றைய நிறை குறைந்தால் அவளுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும்; ஓடத்துக்கு அரை டிக்கட் கிடையாது.

2018இல் ஸ்பெயினின் லூடோநோவா 'சிலோன்' என்றே தேயிலைத் தோட்ட போர்டு கேம் ஒன்றை வெளியிட்டது. எல்கடுவ பெயரிலும் நாளைக்கு யாராவது ஒன்று போட்டு முன்பணம் கேட்கலாம். கேட்டால் கட்டுவேன், ஊர்ப்பற்று விடாது. ஆனால் விதிப்புத்தகத்தை முழுசாகக் காட்ட வேண்டும், எழுதியவர் சொந்தத் தோட்டத்தைத் தோற்று ஓடியவராக இருக்கக் கூடாது. கங்காணிக்கு ஆட்டத்தில் ஒரு இடமாவது கொடுங்கள். அவனில்லாமல் துரையால் ஒரு கட்டம்கூட நகர முடியாது. தபால் செலவு கொழும்புத் துறைமுகம்வரை என்று சின்ன எழுத்தில் போட்டு மறைக்காதீர்கள். வத்தேகமைவரை கொண்டுவந்து இறக்கினால் போதும், அங்கிருந்து மேலே பஸ் காசு நான் போட்டுக்கொள்கிறேன்.