நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்து வீடு

வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த சிற்றூர்களைப் பற்றிய நூல்கள் ஓர் அலமாரியை நிரப்பும் அளவுக்கு வந்திருந்தாலும், அந்த ஊர்களில் ரேஷன் அட்டை வைத்துக்கொண்டு குடியிருப்பவர்களைப் பற்றி அவற்றில் ஒரு பத்தி தேறுவது கடினம். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாமல்லபுரத்துக்கும் இதே கதிதான். பல்லவர்கள் ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் குடைந்தும் செதுக்கியும் கட்டியும் விட்டுச்சென்ற குகைகள், ஒற்றைக்கல் ரதங்கள் (அதாவது ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கித் தேர்வடிவில் ஆக்கிய கோயில்கள்), கடற்கரைக் கோயில் ஆகியவற்றை யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கு வாழ்ந்த சுமார் 15,000 மனிதர்களை எந்த அமைப்பும் எதுவாகவும் அறிவிக்கவில்லை. இத்தகைய ஊரில் முதல் மரியாதை கல்லுக்கு, அடுத்தது கல்லைக் காண வருபவருக்கு, மிச்சமிருந்தால் குடியிருப்பவருக்கு என்பதே நடைமுறை. பிறருக்குப் பொழுதுபோக்காக இருக்கும் ஒவ்வொன்றும் உள்ளூர்க்காரருக்கு ஏதோ ஒரு வகையில் வேலையாகிவிடுகிறது.

கல்லுக்குரிய முதல் மரியாதை சட்டப்படி உறுதி செய்யப்பட்டது. தொல்லியல் நினைவுச்சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டதிலிருந்து, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள ஒவ்வொரு சின்னத்தைச் சுற்றிலும் 100 மீட்டர் ‘தடைசெய்யப்பட்ட பகுதி’ ஆகிறது. அதாவது அங்கே புதிதாக எதையும் கட்டக் கூடாது, பழையதைப் பழுதுபார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ‘ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி’. அங்கே அனுமதி பெற்றுக் கட்டலாம். ஊருக்கு வெளியே மலைமேல் ஒரே ஒரு கோட்டை இருக்கும் ஊர்களில் இதனால் பெரிய தொல்லை இல்லை. மாமல்லபுரத்திலோ பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்தால் காலில் இடறுவதெல்லாம் சின்னமாக இருப்பதால், இந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாடியில் ஓர் அறை எழுப்ப நினைக்கும் குடும்பத் தலைவர் கொத்தனாரைத் தேடுவதற்கு முன் அளவு நாடாவைத் தேடும்படி செய்கின்றன. சட்டம் தேவையற்றது என்று சொல்வதற்கில்லை. அது இல்லாதிருந்தால் ஐந்து ரதங்களுக்குப் பக்கத்தில் ஆறாவதாக ஒரு லாட்ஜ் எழும்பியிருக்கும். ஆயினும், பல்லவர்கள் பாதியில் விட்டுப்போன பணிகள் பாரம்பரியம் எனப் போற்றப்படும் ஊரில், செங்கல் தெரிய நிற்கும் தம்முடைய அரைகுறை மாடி மட்டும் விதிமீறல் எனப்படுவது ஏன் என்று உள்ளூர்க்காரர் கேட்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கவே செய்கிறது.

மாமல்லபுரவாசி தம் ஊரைச் சுற்றிப் பார்ப்பது உறவினர் வரும்போது மட்டுமே. சம்பந்தி வீட்டாரோ, பெங்களூரிலிருந்து மைத்துனர் குடும்பமோ, “சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம்” எனச் சனிக்கிழமை காலையில் வந்திறங்கினால், வீட்டுக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டை, கலங்கரை விளக்கம், கடைசியில் வறுத்த மீன் என்ற வரிசையை மாற்றும் உரிமை அவருக்கு இல்லை. சீட்டு கொடுக்கும் இடத்திலேயே முதல் சோதனை தொடங்கிவிடுகிறது. தொல்லியல் துறையின் சின்னங்களைக் காண 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், மகன் பத்தாம் வகுப்புத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணைக் காரில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த தாயார், கவுன்ட்டரை நெருங்கியதும் அவனை எட்டாம் வகுப்புக்கு இறக்கிவிடுகிறார். மீசை அரும்பிய அந்தப் பிள்ளை கடலைப் பார்த்தபடி நிற்கிறான்.

அடுத்து விளக்கம் சொல்லும் கடமை. ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதும், பெயர்கள் பிற்காலத்தில் மக்கள் இட்டவை என்பதும், வேலை முழுமை பெறாமலே நின்றுபோனது என்பதும் உள்ளூரில் பலருக்கும் தெரியும். ஆனால் இதைச் சொல்லத் தொடங்கினால் வந்தவர்களின் முகம் வாடுகிறது. “இது பீமன் ரதம், பெரிய உடம்பு, அதனால்தான் இவ்வளவு நீளம்” என்றால் உடனே மலர்கிறது. ஆகவே பசி நேரத்தில் வரலாறு பீமன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நகுல சகாதேவ ரதம் என வழங்குவதன் பின்பக்கம் வளைவாக இருக்கும். படுத்திருக்கும் யானையின் பின்புறத்தை ஒத்த இவ்வமைப்புக்குத் ‘தூங்கானை மாடம்’ என்று பெயர். ஐயம் வரக்கூடாது என்றோ, குறும்பினாலோ, அதன் பக்கத்திலேயே ஒரு முழு யானையையும் பல்லவச் சிற்பி செதுக்கி நிறுத்தியிருக்கிறார். கட்டடக்கலைப் பாடத்தைப் பகடியாகச் சொன்ன வேறோர் இடம் தமிழகத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை. வருபவர்களோ யானையின் தும்பிக்கையருகே நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அர்ச்சுனன் தபசு என்னும் புடைப்புச் சிற்பத் தொகுதி, அதாவது பாறையின் முகப்பிலேயே உருவங்கள் துருத்தி நிற்கச் செதுக்கிய தொகுதி, சுமார் 27 மீட்டர் நீளமும் 9 மீட்டர் உயரமும் கொண்டது. தவம் செய்பவர் பாசுபத ஆயுதம் வேண்டிய அர்ச்சுனனா, கங்கையை வேண்டிய பகீரதனா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். இரண்டு கட்சியும் ஒப்புக்கொள்ளும் ஒரே உருவம் கீழே நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனை. அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு கூடியிருக்கின்றன. அந்தப் பூனையின் மரபு எதிர்ப்பக்கக் கடைகளில் மாக்கல் பிள்ளையார் விற்பவர்களிடம் இன்றும் வாழ்கிறது என்று சில பயணிகள் முணுமுணுப்பதுண்டு. அது அபாண்டம், அங்கே யாரும் கைகளைத் தலைக்குமேல் தூக்கி நிற்பதில்லை.

வெண்ணெய் உருண்டைதான் ஊரின் உண்மையான உடற்பயிற்சிக் களம். சரிவான பாறைமேல் சிறிய அடித்தளத்தில் நிற்கும் இந்த இயற்கைப் பாறையின் எடை 250 டன் அளவில் இருக்கும் என்பர். 1908இல் சென்னை ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி, இது உருண்டுவிடும் என அஞ்சி, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொல்லியும் அசையவில்லை என்று ஒரு செய்தி வழங்குகிறது. யானைகள் தோற்ற இடத்தில் இன்று விடுமுறைதோறும் குடும்பங்கள் வெற்றி காண்கின்றன. கைப்பேசியைப் பிடித்தவர் கீழே குந்தி, பிறகு ஒருக்களித்து, கடைசியில் புல்லில் படுத்தே விடுகிறார், மேலே நிற்கும் மைத்துனர் இரு கைகளையும் காற்றில் ஊன்றிப் பல்லைக் கடிக்கிறார், “இன்னும் கொஞ்சம் வலப்பக்கம், அத்தான்! கை கல்லில் படவில்லை!” என்ற கட்டளைக்கு ஏற்ப அவர் நகர, பின்னால் வரிசையில் காத்திருக்கும் இன்னொரு குடும்பத்தின் கை அதே பாறையை எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது. பக்கத்துச் சரிவு தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் சறுக்கி வழுவழுப்பானது. அங்கே கிழிந்த கால்சட்டைகளுக்குக் கணக்கு வைக்கத் தனித் துறை வேண்டும். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இதே உருண்டையின் முன் கைகோத்து உயர்த்தி நின்ற பிறகு, தள்ளாமல் நிற்பதும் ஒரு பாணியாக ஏற்கப்பட்டது.

கடலைப் பொறுத்தவரை, இரண்டு தலைமுறைகளுக்கு இடையே தீராத ஒரு கருத்து வேறுபாடு நிலவுகிறது. அலைச்சறுக்கு என்பது பலகைமேல் நின்று, உடையும் அலையோடு கரைநோக்கி வழுக்கி வரும் விளையாட்டு. மீனவக் குடும்பத்து இளைஞர்கள் இதில் தேர்ந்து, பயிற்சிப் பள்ளிகள் நடத்துமளவுக்கு வளர்ந்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே இங்கு நடைபெற்றது. படகு கவிழாமல் அலை உடையும் இடத்தைத் தாண்டுவதையே தொழிலின் முதல் பாடமாகக் கற்ற பெரியவர்களுக்கு, அதே இடத்தில் வேண்டுமென்றே காத்திருந்து, மீன் ஒன்றும் இல்லாமல் கரைக்கே திரும்புவதற்கு ஊரார் பணம் கொடுப்பது இன்னும் விளங்கவில்லை. பணம் வருவது விளங்குகிறது. அதனால் பெரிதாகக் கேட்பதில்லை.

சிற்பிகளின் பட்டறைகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 1957இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைக் கல்லூரி இங்கே இருக்கிறது, 2017இல் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, உளிச் சத்தத்துக்கு நடுவே இப்போது அறுப்பு இயந்திரத்தின் ஓசையும் சேர்ந்துவிட்டதால் பகல் தூக்கம் என்ற பொழுதுபோக்கு ஊரில் அருகிவிட்டது.

மணலில் கூடாரமடித்துத் தங்குவதைப் புதிய நாகரிகமாகக் கட்டணம் வைத்து விற்பவர்கள், மாசி மகத்தன்று ஒருமுறை வந்து பார்க்கலாம். அன்று இருளர் பழங்குடியினர் பல ஊர்களிலிருந்தும் இந்தக் கடற்கரைக்கு வந்து, சேலைகளைக் கட்டிக் கூடாரமாக்கித் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, விடியற்காலையில் திருமணங்களையும் முடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஊரைத் தம் வசதிக்கேற்பப் பயன்படுத்திக்கொள்ளும் கலையை அறிந்தவர்கள் இவர்களே என்று கூறலாம்.

மற்றவர்கள் வார நடுவில், வெயில் ஏறுமுன் வருவது நல்லது. நீரோட்டம் வலுவாக உள்ள கடல் என்பதால் குளிக்கும் ஆசையை மீனவர் சொல்லைக் கேட்டு அடக்கிக்கொள்வதும் நல்லது. உள்ளூரில் உறவினர் உள்ளவர்கள் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு, உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வழிகாட்டிக்குக் கூலி கிடைக்கும், உறவினருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும்.