நானூறு குதிரை, ஒரே ஒரு சிக்னல்

ஐம்பது வயது தாண்டிய கார்களை இறக்குமதி செய்யலாம் என்று 2025-இல் அரசு கதவைத் திறந்தது. அன்று முதல் சென்னையை அடுத்த ஒரகடத்தில், டீக்கடையில் சிலருக்கு டீ ஆறிப்போகிறது. பேச்செல்லாம் கனவுக் கார் பற்றித்தான்: 1967 ஃபோர்டு மஸ்டாங், வி8 இன்ஜின், நான்கு பேரல் கார்புரேட்டர், புது கேம்ஷாஃப்ட், ஹெடர் குழாய்கள். இலக்கு 400 குதிரைத் திறன்.

சுற்றுவட்டாரத்தில் கார், லாரி, புல்லட், டயர் எல்லாமே செய்கிறார்கள். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையே ஓடியது. ஆனாலும் 2016-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த மஸ்டாங், அமெரிக்காவிலிருந்து கப்பலேறித்தான் வந்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வாகனத்துக்குக் குறிப்பிட்ட விவரங்களை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர், கேம்ஷாஃப்டுக்கு ஐயாயிரம், ஹெடருக்கு ஐயாயிரம் என்று அபராதத்தையும் பட்ஜெட்டில் சேர்த்துவிட்டார். பங்கில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களுக்கு அது ஒத்துவராது.

சரி, எங்கே ஓட்டுவது? இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே போக ஒரகடம் சந்திப்பைத் தாண்ட வேண்டுமே! ஷிஃப்ட் மாறும் நேரத்தில் முன்னால் கன்டெய்னர், பின்னால் கம்பெனி பஸ். நானூறு குதிரையும் முதல் கியரில் கனைத்துக்கொண்டு நிற்க, இடப்பக்கம் புகுந்து ஷேர் ஆட்டோ முந்திப் போகும். அதன் இன்ஜினில் இதுவரை யாரும் கைவைத்ததில்லை.